கழுவும் கை யாருடையது?

கம்பம் பள்ளத்தாக்கில் பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடுகின்றன. கூடலூர், கம்பம், கோம்பை, தேவாரம், போடி என அடிவாரத்து ஊர்களிலிருந்து கூலிப் பெண்கள் குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறிப்போகிறார்கள், சாயங்காலம்தான் திரும்புகிறார்கள். மலையேறாதவர்களுக்குக் கீழேயே வேலை இருக்கிறது: நடவு, களையெடுப்பு, வாழைத்தோப்பு, திராட்சைப் பந்தலில் கொத்து வெட்டுவது. எந்த வேலையானாலும் நேரத்தோடு போயாக வேண்டும். பால்வாடி திறப்பதற்குள் அவர்கள் வேலையில் இறங்கியிருப்பார்கள். ஆகவே கைப்பிள்ளையும் நடைபழகும் பிள்ளையும் அம்மாச்சியிடமோ அப்பத்தாவிடமோ இருக்கும். அதற்கும் ஆளில்லை என்றால், தெருவில் நாலைந்து பிள்ளைகளைச் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணிடம் இருக்கும். பெயர்ப்பலகையும் பதிவேடும் இல்லாத இந்த வீடுகள்தான் இப்பள்ளத்தாக்கின் மெய்யான குழந்தைக் காப்பகங்கள். தேனி நகரத்தில் ஆசிரியர், வங்கி ஊழியர், செவிலியர் வீட்டுப் பிள்ளைகளுக்காக மாதக் கட்டணம் வாங்கி வீட்டிலேயே நடத்தப்படும் காப்பகங்களும் இருக்கின்றன. இந்த இரண்டு வகைக்கும் வசதியில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஒரு விதியில் மட்டும் இரண்டும் ஒன்று: பிள்ளை அழுக்காகக் கூடாது. மண்ணைத் தொட்டால் கை தட்டிவிடப்படும், தண்ணீர்ப் பக்கம் போனால் தூக்கி வரப்படும், சோற்றில் கை வைத்தால் தட்டு நகர்த்தப்படும். இந்த விதி எங்கிருந்து வருகிறது, அதை மாற்ற என்ன வேண்டும் என்பதே இங்கே என் கேள்வி.

முதலில் அந்தக் கை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளையின் முன்னால் ஓர் அகலச் சட்டியில் இரண்டு விரற்கடைத் தண்ணீரும் இரண்டு செரட்டைகளும் வைத்தால், அது முதலில் உள்ளங்கையால் தண்ணீரை அடிக்கும். முகத்தில் தெறித்தால் கண்ணை மூடும். திறந்ததும் மறுபடி அடிக்கும். பிறகு செரட்டையில் மொண்டு மற்ற செரட்டையில் ஊற்றப் பார்க்கும். வேகமாகச் சாய்த்தால் தண்ணீர் செரட்டையின் வெளிப்பக்கமாக வழிந்து முழங்கைக்கு ஓடிவிடும். முழங்கையை ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த முறை மெதுவாகச் சாய்க்கும். செரட்டையின் கண் திறந்திருந்தால் அடியில் நூல் மாதிரித் தண்ணீர் ஒழுகும். அதை விரலால் அடைக்கும், எடுக்கும், மறுபடி அடைக்கும். இதற்குமேல் ஒரு பிடி கரம்பை மண்ணைத் தண்ணீரில் போட்டுவிட்டால் எல்லாக் கணக்கும் மாறிவிடுகிறது. முன்னே ஓடியது இப்போது வழுக்கி இறங்குகிறது, விரலில் ஒட்டுகிறது, காய்ந்தால் இழுக்கிறது. ஒரே கை, ஒரே அசைவு, வேறு விளைவு. பொருளை மாற்றினால் விளைவு மாறும், வேகத்தை மாற்றினாலும் விளைவு மாறும் என்று இரண்டு வயதில் சொல்லிப் புரியவைக்க யாராலும் முடியாது. கை அதைத் தானே கண்டுபிடித்துக்கொள்கிறது.

குழந்தையின் அறிவு முதல் இரண்டு ஆண்டுகளில் கை, வாய், உடலசைவு வழியாகத்தான் கட்டப்படுகிறது என்று ழான் பியாஜே விரிவாக எழுதினார். குட்டையான பாத்திரத்திலிருந்து நெட்டையான பாத்திரத்துக்கு அதே தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் கூடிவிட்டதாகவே சின்னப் பிள்ளைகள் நினைப்பார்கள். ஏழு வயதை ஒட்டித்தான் அந்த எண்ணம் மாறும் என்பது அவருடைய புகழ்பெற்ற சோதனை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014 வாக்கில் வெளியிட்ட ஓர் ஆய்வு நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. பதினாறு மாதப் பிள்ளைகளிடம் பழக்கூழ், சூப், பழச்சாறு போன்ற பதினான்கு நெகிழ்பொருள்களைக் கொடுத்துப் பெயர் சொல்லிக் காட்டினார்கள். பந்துக்கும் கிண்ணத்துக்கும் உருவம் உண்டு, பார்த்தே அடையாளம் சொல்லலாம். கூழுக்கு உருவம் கிடையாது. தொட்டு, பிசைந்து, தரையில் போட்டு, வாயில் வைத்துப் பார்த்த பிள்ளைகளே எது எது என்பதை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். மேசையில் உட்கார்ந்த பிள்ளைகளைவிட, உணவூட்டும் உயர நாற்காலியில் உட்கார்ந்த பிள்ளைகள் கூடுதலாக அளைந்தார்கள், கூடுதலாகக் கற்றார்கள் என்பது அந்த ஆய்வின் இன்னொரு முடிவு. அந்த நாற்காலியில் சிந்தினால் யாரும் திட்டமாட்டார்கள் என்று ஒன்றேகால் வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்திருக்கிறது. சிந்துவதற்கென்று ஓர் இடம் இருந்தால் பிள்ளை அந்த இடத்தைக் கண்டுகொள்ளும் என்ற இந்தச் செய்தி காப்பகம் நடத்துபவருக்குப் பெரிய உதவி. இந்தச் செய்திக்குப் பின்னால் மறுபடி வருகிறேன்.

இவ்வளவு பயன் இருந்தும் அந்தக் கை ஏன் தடுக்கப்படுகிறது? பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்கு அறியாமை, பொறுமையில்லை, பாசம் போதவில்லை என்று சொல்வது எளிது. அவள் வீட்டு வேலைக் கணக்கைப் பார்த்தால் அந்தப் பதில் நிற்காது. ஐந்து பிள்ளைகள் சகதியில் விளையாடினால் பத்துக் கைகள், பத்துக் கால்கள், ஐந்து சட்டைகள், ஒரு வாசல். தெருக்குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்பது அவள் கையில் இல்லை. ஒரு பிள்ளையைக் கழுவும்போது மற்ற நால்வரையும் பார்க்க வேறு ஆளில்லை. சாயங்காலம் தாய் வந்து பார்க்கும்போது பிள்ளையின் நகக்கண்ணில் மண் இருந்தால் கவனிக்கவில்லை என்ற பெயர் அவளுக்கு வரும். பிள்ளை நாள் முழுக்க ஒன்றும் தொடாமல் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெயர் வராது. ஆகவே அவள் தன் நிலையில் நியாயமான முடிவைத்தான் எடுக்கிறாள். தொட்டில், நடைவண்டி, கைப்பேசி: மூன்றும் சிந்தாது, ஒழுகாது, கழுவ வேண்டாம். ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குமேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னதை அவளிடம் போய்ப் படித்துக்காட்டி எந்தப் பயனும் இல்லை. பிள்ளையின் விளையாட்டு நிற்பது கழுவும் வேலையால். கழுவும் வேலை மொத்தமும் ஒரே ஒரு பெண்ணின் தலையில் விழுவதால். அந்த வேலையைப் பிரித்துப் பகிர்ந்தால் விளையாட்டு தானாகத் திரும்பிவரும். ஒரு பங்கு பிள்ளைகளுக்குப் போக வேண்டும், மறுபங்கு கூலியாகவும் தண்ணீராகவும் கூடுதல் ஆளாகவும் சமூகத்திடமிருந்து வர வேண்டும். இதுவே என் வாதம்.

பிள்ளைக்கு ஒரு பங்கு என்பது விளையாட்டாகச் சொன்னதாகத் தோன்றலாம். மரியா மாண்டிசோரியின் வரலாறு அதற்கு நல்ல ஆதாரம். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்ஸோ என்னும் ஏழைக் குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் வீடு, கல்விச் சீர்திருத்த ஆசையில் மட்டும் பிறந்ததில்லை. பெற்றோர் கூலிக்குப் போன நேரத்தில் தனித்துவிடப்பட்ட சிறுபிள்ளைகள் புதுப்பித்த கட்டடத்தின் சுவர்களையும் படிக்கட்டுகளையும் அழுக்காக்கினார்கள், சேதப்படுத்தினார்கள். அந்தச் செலவைத் தவிர்க்கத்தான் கட்டட நிறுவனம் பிள்ளைகளை ஒரே அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு செய்தது. கூலிக்காரர் குடியிருப்பில், அந்தக் கட்டடத்துக்குள்ளேயே, அழுக்குக்குப் பயந்து திறக்கப்பட்ட காப்பகம் அது. கழுவாத உடலோடும் அழுக்குச் சட்டையோடும் வரும் பிள்ளை வெளியேற்றப்படும் என்று அதன் விதிகளில் எழுதியிருந்தது. மாண்டிசோரி சேற்று விளையாட்டுக்காக வாதாடியவரும் இல்லை, ஒழுங்கை விரும்பியவர். ஆனால் அவர் கண்ட ஒரு விஷயம் நமக்கு முக்கியம்: கை கழுவுவது, மேசையைத் துடைப்பது, ஒரு குடுவையிலிருந்து இன்னொன்றில் ஊற்றுவது ஆகியவற்றைப் பிள்ளைகள் வேலையாக எண்ணுவதில்லை, விரும்பித் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். அதற்காகவே அவர் பிள்ளையின் இடுப்பு உயரத்தில் கழுவுமிடத்தையும் சின்னக் கைக்கு அடங்கும் குடுவையையும் வைத்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்த அவர், உலகப் போரில் இத்தாலி எதிர்நாடு ஆகிவிட்டதால் இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. 1942 முதல் 1944 வரை பெரியகுளத்துக்கு மேலே இருக்கும் கொடைக்கானலில் வாழ்ந்து பிள்ளைகளுக்குக் கற்பித்தார். அந்த மலைக்குக் கீழே இருக்கும் நமக்கு அவர் பெயர் இன்று கட்டணம் அதிகமான பள்ளிகளின் விளம்பரமாகவே வந்து சேர்ந்திருக்கிறது. அவர் கண்டதில் நமக்கு வேண்டியதோ ஒரு வாளியும் ஒரு கந்தல் துணியும் மட்டுமே கேட்பது.

அந்த வழியில் ஒரு வீட்டுக் காப்பகத்தின் சகதி நேரத்தை இப்படி அமைக்கலாம். வாசலிலோ கொல்லையிலோ ஒரே இடம். தினமும் அதே இடம். தரையில் ஒரு பழைய சாக்கு. சாக்குக்குள் இருக்கும்வரை எதையும் அளையலாம், சாக்கைத் தாண்டினால் விளையாட்டு முடிந்தது. அயோவா ஆய்வின் நாற்காலி செய்ததை இங்கே சாக்கு செய்கிறது. சில நாள் பழகினால் பிள்ளைகளே எல்லையைக் காப்பார்கள். ஐந்து பிள்ளைகளையும் ஒன்றாக இறக்காமல் இரண்டு இரண்டு பேராக முறை வைத்து விடலாம். பெரியாற்றுத் தண்ணீரை வாய்க்காலுக்கு வாய்க்கால் முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்த ஊருக்கு இது புதிய பாடம் இல்லை. சட்டையைக் கழற்றிவிட்டால் துவைக்கும் வேலை குறையும். குளிரடிக்கும் காலத்தில் இதற்கென்று ஒரு பழைய சட்டை போதும். குளிப்பாட்டுவதற்கு முன்னாலுள்ள அரைமணி நேரம்தான் இதற்கு உகந்த நேரம். எப்படியும் ஊற்றப்போகும் தண்ணீர் அது. தண்ணீரைப் பிள்ளை கையில் குழாயாகக் கொடுக்காமல் அளந்து ஒரு செம்பில் கொடுத்தால், தீர்ந்தபின் விளையாட்டு வேறு வடிவம் எடுக்கும். முடிவில் இரண்டு வாளி. முதல் வாளியில் பிள்ளைகள் செரட்டையையும் சட்டியையும் தாங்களே கழுவட்டும். அது சரியாகக் கழுவப்படாது, பரவாயில்லை. இரண்டாவது வாளி நல்ல தண்ணீர். அதில் சோப்புப் போட்டுக் கை, விரலிடுக்கு, நகம். முதல் வாளித் தண்ணீர் வாழைக்கோ முருங்கைக்கோ போகும். அதைக் கொண்டுபோய் ஊற்றும் வேலைக்கும் பிள்ளைகளிடையே போட்டி வரும். விளையாட்டு பிள்ளையுடையது, கழுவுவது பெரியவருடையது என்று வெட்டிப் பிரித்ததுதான் நாம் செய்த தவறு. கழுவுவதும் தண்ணீர் விளையாட்டே. அதைப் பிள்ளையிடமிருந்து பறித்து, வேலையாக மாற்றி, களைத்த ஒரு பெண்ணிடம் கொடுத்திருக்கிறோம்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுபவற்றில் நோய் பற்றிய அச்சமே வலுவானது. அதை லேசாக ஒதுக்கக் கூடாது. மண் நல்லது, கிருமியோடு பழகினால் உடம்பு தேறும் என்ற பேச்சு இப்போது பரவலாக இருக்கிறது. அதற்கு ஆதாரமும் உண்டு. பின்லாந்தில் 3 முதல் 5 வயதுவரையுள்ள 75 பிள்ளைகளை வைத்து நடந்து, 2020இல் வெளியான ஆய்வில், சில காப்பகங்களின் வெறும் முற்றத்தில் காட்டுத்தரையின் மண்ணையும் செடிகளையும் கொண்டுவந்து பரப்பினார்கள். 28 நாளில் அந்தப் பிள்ளைகளின் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை கூடியது, இரத்தத்தில் நோய் எதிர்ப்பின் குறிகளும் நல்லபடியாக மாறின. ஆனால் பின்லாந்துக் காட்டு மண்ணும் நம் தெரு மண்ணும் ஒன்றாகா. மலம் கலந்த மண்ணில் கொக்கிப்புழுவும் உருண்டைப்புழுவும் இருக்கும். உருண்டைப்புழுவின் முட்டை மண்ணில் பல மாதம் சாகாமல் கிடக்கும். 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாள் வைத்து, ஒரு வயது முதல் 19 வயதுவரை பால்வாடியிலும் பள்ளியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள் என்றால், இந்தப் புழுத்தொல்லை எவ்வளவு பரவலானது என்பதை அதுவே சொல்கிறது. நம் பள்ளத்தாக்குக்கே உரிய இன்னொரு அபாயம் பூச்சிமருந்து. திராட்சைப் பந்தலிலும் ஏலத்தோட்டத்திலும் மருந்தடிப்பது ஓயாத வேலை. மருந்து கலக்கிய டிரம், காலி பாட்டில், அதன் மூடி, மருந்தடித்தவர் கழற்றிப் போட்ட சட்டை என எல்லாம் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் கிடக்கின்றன. பாட்டில் மூடி சின்னக் கைக்கு அளவான கிண்ணம், அதுதான் ஆபத்து.

இந்த ஆபத்துகளைக் கண்டு விளையாட்டை நிறுத்துவதா, பொருளைத் தேர்ந்தெடுப்பதா என்பதே கேள்வி. தேர்ந்தெடுக்கலாம் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் இதற்குத் தேவைப்படும் மண் மிகக் குறைவு. ஒரு கூடை போதும். அது தோட்டத்து மண்ணாகவோ தெருவோர மண்ணாகவோ இருக்கக் கூடாது. ஆள் ஒதுங்காத இடத்திலிருந்து எடுத்து, நல்ல வெயிலில் பல நாள் உலர்த்தி, சலித்து, நாயும் பூனையும் கோழியும் கிளறாதபடி மூடிவைக்க வேண்டும். பானை வனைபவரிடம் பிசைந்த களிமண் கேட்டு வாங்கலாம். எதையும் வாயில் வைக்கும் வயதில் மண்ணே வேண்டாம். தண்ணீரும் ஈரத்துணியும் வாழைமட்டையும் போதும். புளியங்கொட்டை, மொச்சை, பட்டாணி ஆகியவை மூன்று வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம். தொண்டையில் சிக்கும், மூக்கில் போனால் ஊறிப் பருக்கும். குன்றிமணி அழகானது, ஆனால் கடித்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்தான நஞ்சு. பிள்ளையிருக்கும் வீட்டில் அது இருக்கவே கூடாது. சாயப்பொடியும் கோலப்பொடியும் மூச்சில் ஏறும். அவற்றுக்குப் பதில் நீரில் குழைத்த செம்மண் போதும். தண்ணீர்ச் சட்டி இருக்கும்வரை பெரியவர் எழுந்துபோகக் கூடாது. ஒரு சாண் தண்ணீரும் கைக்குழந்தையை மூழ்கடிக்கப் போதும். விளையாட்டு முடிந்ததும் சட்டியைக் கவிழ்த்து வைத்தால் பிள்ளைக்கும் பாதுகாப்பு, கொசுவும் முட்டையிடாது. இவ்வளவு கவனம் தேவைப்படும் வேலையை யாரும் கவனிக்காமல் விட்டால் பிள்ளை எப்படியும் செய்யப்போகிறது; அப்போது மருந்து மூடியும் வாய்க்காலும்தான் அதற்கு விளையாட்டுச் சாமான். ஏற்பாடு செய்த சகதியே பாதுகாப்பான சகதி.

இரண்டாவது எதிர்ப்பு சோறு பற்றியது. இணையத்தில் காணும் விளையாட்டு யோசனைகளில் பாதி உணவுப்பொருளில் இருக்கின்றன: சாயம் ஏற்றிய அரிசி, மாவுக் குழம்பு, ஜவ்வரிசிக் கூழ். நெல் விளையும் பள்ளத்தாக்கில், அந்த நெல்லை நட்டும் அறுத்தும் ஒரு படி அரிசிக்குக் கணக்குப் பார்த்த குடும்பங்களின் முன்னால் அரிசியைக் கொட்டி விளையாடுவது கண்ணுக்கு உறுத்தும். அந்த உறுத்தல் நியாயமானது, அதை மதிக்கவும் வேண்டும். உமியும் தவிடும் செரட்டையும் தேங்காய் நாரும் வாழைப்பட்டையும் கரம்பையும் இவ்வளவு கிடைக்கிற ஊரில் அரிசியைத் தொட அவசியமே இல்லை. உமியை மட்டும் லேசாக நனைத்துக் கொடுத்தால் தூசி பறக்காது. ஆனால் ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். ஒன்று, ஒன்றரை வயதுப் பிள்ளை தன் தட்டுச் சோற்றில் கைவைத்து அளைவது சோற்றை வீணாக்குவதாகாது. அது சாப்பிடக் கற்றுக்கொள்வது. பாண்டியன் அறிவுடை நம்பி பாடிய புறநானூற்று 188ஆம் பாடல், பெரும்செல்வர் வீட்டிலும் சோற்றை அளைந்து மேலெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாவிட்டால் வாழ்வில் பயனில்லை என்று சொல்கிறது. பாண்டிய நாட்டு மன்னன் ஒருவனுக்குப் பிள்ளையின் சோற்றுக் கை அழுக்காகத் தெரியவில்லை. அயோவா ஆய்வில் பிள்ளைகள் கற்றுக்கொண்டதும் உணவுப்பொருளை அளைந்துதான். கைப்பேசியைக் காட்டி, வாயைத் திறக்கவைத்து, உருண்டை உருண்டையாகத் திணித்தால் பத்து நிமிடத்தில் தட்டு காலியாகும், தரையும் சுத்தமாக இருக்கும். பிள்ளைக்கு அந்தச் சோறு சூடா குளிரா, குழைவா உதிரா என்பதே தெரியாமல் போகும். இரண்டு உருண்டை ஊட்டிவிட்டு, மூன்றாவதைத் தட்டில் பரப்பி அதன் கைக்கே விட்டுவிடலாம். சிந்துவது சில பருக்கை, கோழிக்குப் போகும்.

மூன்றாவது எதிர்ப்பை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு அதுதான் ஆகக் கனமானது. நாளெல்லாம் சேற்றில் காலூன்றி நாற்று நடும் பெண், தன் பிள்ளையாவது சேறு படாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கிறாள். விடியற்காலை இருட்டில் பிள்ளையைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, பவுடர் பூசி, மை வைத்து விட்டுவிட்டுப் போகிறாள். அந்தப் பவுடரில் அவளுடைய மானம் இருக்கிறது. இந்த மண்ணில் அழுக்கு என்பது வெறும் அழுக்காக இருந்ததே கிடையாது. அது சாதியின் பெயராகவும் வேலையின் பெயராகவும் இருந்திருக்கிறது. ஒரு தெருப் பிள்ளையை அழுக்குப் பிள்ளை என்று வகுப்பில் தள்ளி உட்காரவைத்த நினைவு இன்னும் உயிரோடு இருக்கும் வீடுகளில் போய், உங்கள் பிள்ளையைச் சகதியில் விடுங்கள், அறிவு வளரும் என்று சொல்ல நமக்கு என்ன தகுதி? நகரத்துக் கட்டணக் காப்பகத்தில் விலைகொடுத்து வாங்கிய வண்ணக் களிமண்ணைப் பிசையும் பிள்ளையை யாரும் அழுக்குப் பிள்ளை என்பதில்லை. அதே வேலையை வாய்க்கால் கரையில் செய்யும் பிள்ளையைச் சொல்வார்கள். ஆகவே அந்தத் தாயிடம் வாதம் செய்யாமல் ஏற்பாட்டால்தான் பதில் சொல்ல வேண்டும். காலையில் அவள் பூசிய பவுடரோடும் சட்டையோடும் பிள்ளையை வாங்கி, அந்தச் சட்டையை மடித்து வைத்து, விளையாடவிட்டு, கழுவி, சாயங்காலம் அதே சட்டையோடும் வாரிய தலையோடும் திருப்பிக் கொடுக்க வேண்டும். பிள்ளை சுத்தமாகத் திரும்பி வருவது தாயின் உரிமை; நடுவில் அழுக்காவது பிள்ளையின் உரிமை. இரண்டையும் காப்பதுதான் காப்பகத்தின் வேலை. மலம், வியர்வை, சேறு எதுவும் மனிதரின் தகுதியைக் குறைக்காது என்பதை ஒரு பிள்ளை தெரிந்துகொள்ளும் வழியும் அதுவே: அழுக்கானேன், கழுவினேன், மறுபடியும் நான்தான்.

இப்போது மறுபங்குக்கு வரலாம். சாக்கு, இரண்டு வாளி, முறை வைப்பது எல்லாம் வேலையைக் குறைக்கும், ஒழிக்காது. ஒரு பெண் ஐந்து பிள்ளைகளை ஒற்றையாளாகப் பார்த்தால், இருவர் சாக்கில் இருக்கும்போது மற்ற மூவரை யார் பார்ப்பது என்ற கேள்வி அப்படியே இருக்கும். இதற்கு விடை அவளுடைய சாமர்த்தியத்தில் இல்லை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், பின்னால் வந்த திருத்தத்தோடு, ஐம்பது பெண்களோ அதற்கு மேலோ வேலை செய்யும் அல்லது பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் இருபது பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டத்தில் காப்பகம் வைக்கச் சொன்னது. தோட்டத்து லயத்தில் குடியிருப்பவருக்கு அது பொருந்தியது. நாள்தோறும் மலையேறி இறங்கும் கம்பத்துப் பெண்ணுக்குக் காப்பகம் கேரளத்து மலையில், பிள்ளை தமிழ்நாட்டு அடிவாரத்தில். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972இல் கொடுத்த அறிக்கையின் வழியில் பிறந்தது. கோடிக்கணக்கான பிள்ளைகளுக்கு உணவும் தடுப்பூசியும் அதனால் கிடைத்தன. ஆனால் தாயின் வேலை நேரத்தைக் கணக்கில் வைத்து அது வகுக்கப்படவில்லை. ஒரு பணியாளர், ஓர் உதவியாளர் என்ற அமைப்பில் சமையலும் எடை பார்ப்பதும் பதிவேடும் போக, கழுவும் கை மிஞ்சுவதில்லை. 2005ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்தில், அதாவது நூறு நாள் வேலையில், ஒரு நல்ல விதி இருந்தது: வேலை நடக்கும் இடத்தில் சிறுபிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், ஒரு பெண்ணை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்தி, மண்வெட்டுபவருக்குத் தரும் கூலியை அவருக்கும் தர வேண்டும். பிள்ளை பார்ப்பதும் கண்மாய் வெட்டுவதும் ஒரே கூலிக்கு உரிய வேலை என்று ஒரு சட்டம் ஒத்துக்கொண்டதே பெரிய விஷயம். அந்த வரியைத் தெருவுக்குக் கொண்டுவர வேண்டும்.

தெருக்களில் பிள்ளை பார்க்கும் பெண்களை ஊராட்சியோ பேரூராட்சியோ பதிவு செய்து, ஏதோ சம்பாதிக்கிறார்கள் என்று விட்டுவிடாமல், கூலியில் ஒரு பகுதியை அரசு தரலாம். பால்வாடியின் நேரத்தை ஜீப் கிளம்பும் நேரத்திலிருந்து தொடங்க வேண்டும். அதற்கு இன்னொரு உதவியாளரை முறைவைத்து அமர்த்த வேண்டும். பால்வாடிக்கு அட்டைப்படங்களும் சுவரோவியமும் வாங்கும் பணத்தில், பிள்ளையின் இடுப்பு உயரத்தில் ஒரு குழாயும், தண்ணீர் தேங்காத ஒரு சிமெண்டுத் தளமும், மூடியுள்ள ஒரு மணல்தொட்டியும் கட்டலாம். ஏலம் வாங்கிப் பணம் பார்க்கும் வியாபாரமும் அதன் தோட்டங்களும் அடிவாரத்துக் காப்பகங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டும். அவற்றின் லாபத்தில் பிள்ளை பார்த்த பெண்ணின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. 2022இல் வந்த அடித்தளப் பருவத்துக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம் விளையாட்டுதான் சிறுபிள்ளையின் கல்வி என்கிறது. அதை எழுதியவர்கள் நாளை பயிற்சி முகாம் நடத்திப் பால்வாடி ஆயாவிடம் பிள்ளையை மண்ணில் விடச் சொல்வார்கள். சொல்வதற்கு முன்னால் அவர்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்தப் பிள்ளையைக் கழுவப்போவது யார், அவருக்கு எவ்வளவு கூலி, தண்ணீர் எங்கிருந்து வரும்? இதற்குப் பதில் வைத்திருக்கும் திட்டமே சிறுபிள்ளைக் கல்வித் திட்டம். பதில் இல்லாத திட்டம், வேலைக்குப் போகும் தாயின் சுமையை அவளைவிட ஏழையான இன்னொரு பெண்ணின் தலைக்கு மாற்றிவிட்டு, அதற்குக் கல்வி என்று பெயர் வைக்கிறது.